புகை ஒரு வழி... விரல் ஒரு வழி!

"போர்டு போயிடுச்சு சார்!"

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காத வீடு இன்றைக்கு உண்டா? வாஷிங் மெஷின் நின்றுபோனாலும் போர்டு, ஏ.சி. குளிராவிட்டாலும் போர்டு, இண்டக்‌ஷன் அடுப்பு சூடாகாவிட்டாலும் போர்டு! கம்பெனிக்காரர் புதுப் போர்டுக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்வார். தெருமுனைக் கடைக்காரரோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு கெப்பாசிட்டர்தாம்மா ஊதியிருக்கு. சாயங்காலம் வந்து வாங்கிக்குங்க" என்பார். சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும். அப்பாடா!

நமக்கு லாபம். குப்பைக்குப் போக வேண்டிய பொருள் ஒன்று குறைந்ததால் ஊருக்கும் லாபம். இந்தத் தொழில் வாழ வேண்டும் என்று நினைப்பவன் நான். சென்னை ரிச்சி தெருவிலிருந்து சின்ன ஊர் பஸ் ஸ்டாண்ட் வரை எத்தனையோ இளைஞர்களுக்கு இதுதான் சோறு.

"சரி டாக்டர், சித்த மருத்துவருக்கும் சர்க்யூட் போர்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் இருமிக்கொண்டு என்னிடம் வருகிறார். "சளிக்கு ஏதாவது லேகியம் கொடுங்க" என்கிறார். அவருடைய மனைவி, "ஈயப் புகையாமே, குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?" என்று பயப்படுகிறார். பத்தாவது படிக்கும் பையன் ஆன்லைனில் ஒரு சால்டரிங் செட் வாங்கிப் படுக்கையறையில் உட்கார்ந்து பரிசோதனை செய்கிறான். அவனுடைய அம்மாவும் வந்து கேட்கிறார்.

இவர்கள் எல்லோருக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். அதை இங்கே கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

மேஜை மேல் என்ன இருக்கிறது?

பென்சில் மாதிரி பிடிக்கும் சால்டரிங் அயர்னை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் நுனி சுமார் 350 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டில் தோசைக்கல்லை வைத்தால் தோசை கரியாகிவிடும்!

அடுத்தது ஹாட் ஏர் கன். தலைமுடி காய வைக்கும் டிரையருக்கு முரட்டு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் போர்டில் கடுகு அளவு இருக்கும் பாகங்களை அயர்ன் நுனியால் தனித்தனியாக எடுக்க முடியாது. அதனால் சூடான காற்றை ஊதி, ஈயத்தை இளக்கி, சாமணத்தால் தூக்கி எடுப்பார்கள்.

பழைய ஈயத்தை அகற்ற 'சக்கர்' என்று ஒரு கருவி உண்டு. சிரிஞ்சு போல இருக்கும். ஸ்பிரிங்கை அமுக்கி வைத்து, பொத்தானைத் தட்டினால், உருகிய ஈயத்தை 'டப்'பென்று உறிஞ்சிக்கொள்ளும். சிலர் செப்புக் கம்பிப் பின்னல் வைத்திருப்பார்கள். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அது ஈயத்தை இழுத்துக்கொள்ளும். இவற்றோடு ஒரு சுருள் ஈயக் கம்பி, ஒரு டப்பா பேஸ்ட், ஒரு பூதக்கண்ணாடி. கடை ரெடி!

இதில் உடம்புக்கு வம்பு எங்கே இருக்கிறது? பெரும்பாலோர் புகையைக் காட்டி, "ஈயம் மூச்சில் போகுது" என்பார்கள். இங்கேதான் தப்பு நடக்கிறது. பயம் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, ஆபத்து வேறு பக்கமாக வந்துவிடுகிறது.

ஈயம் என்றால் எந்த ஈயம்?

நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு தெரியும்தானே? "ஈயச் சொம்பு ரசம் சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம், ஈயம் என்ன செய்யும்?" என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். நியாயமான கேள்வி.

தமிழில் ஈயம் என்ற சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் குடியிருக்கின்றன. ஒன்று வெள்ளீயம். ரசச் சொம்பு செய்யவும் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசவும் பயன்பட வேண்டியது அதுதான். மற்றது காரீயம். அது நஞ்சு. பாளையங்கோட்டைக் கல்லூரியில் குணபாடம் படித்த காலத்தில் வெள்வங்கம், கருவங்கம் என்று இரண்டையும் பிரித்துத்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். (ஈயச் சொம்பு வாங்கும்போதும் காரீயம் கலக்காததாக, நம்பகமான இடத்தில் பார்த்து வாங்குங்கள்.)

சால்டர் கம்பியில் இந்த இரண்டும் கலந்தே இருக்கின்றன. காலங்காலமாகக் கடைகளில் இருக்கும் கம்பியில் 100 பங்குக்கு 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். சில கம்பிகளில் 60-க்கு 40. வெள்ளீயம் தனியாக உருக 232 டிகிரி வேண்டும். காரீயத்துக்கு 327 டிகிரி. ஆனால் 63-க்கு 37 என்று கலந்துவிட்டால் 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது! இந்த வசதிக்காகத்தான் காரீயத்தைக் கலந்தார்கள்.

காரீயமில்லாத கம்பியும் வந்துவிட்டது. ஐரோப்பிய நாடுகள் 2006 ஜூலை முதல் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு விதித்தன. நம் நாட்டிலும் 2011-ல் அறிவிக்கப்பட்ட மின்கழிவு விதிகளில் இந்தக் கட்டுப்பாடு சேர்க்கப்பட்டு, பின்னர் நடைமுறைக்கு வந்தது. அதனால் புதுப் போர்டுகளில் பெரும்பாலும் வெள்ளீயம், கொஞ்சம் வெள்ளி, துளி செம்பு சேர்ந்த கலவைதான் இருக்கும். அது உருக 217 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். சூடு அதிகமானால் போர்டு கெட்டுவிடுமோ என்ற பயத்தில் ரிப்பேர் கடைகளில் பலர் இன்னும் பழைய காரீயக் கம்பியைத்தான் விரும்புகிறார்கள். ஆக, புது போனாக இருந்தாலும் ரிப்பேர் மேஜையில் காரீயம் இருக்கத்தான் செய்கிறது.

புகையில் என்னதான் வருகிறது?

காரீயம் கொதித்து ஆவியாக 1,700 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அயர்ன் நுனியோ 350, மிஞ்சினால் 400. அந்தச் சூட்டில் காரீயம் உருகுமே தவிர, குறிப்பிடும் அளவுக்கு ஆவியாகாது. அப்படியானால் கண் முன்னால் சுருள் சுருளாக எழும் அந்த வெள்ளைப் புகை என்ன?

அது மரப் பிசின்! சால்டர் கம்பியின் நடுவில், வாழைத்தண்டுக்குள் நார் ஓடுவது போல, ஒரு பிசின் இழை ஓடுகிறது. டப்பாவில் இருக்கும் பேஸ்டிலும் பெரும்பாலும் அதே பிசின்தான். பைன் மரத்திலிருந்து எடுப்பது. வயலின் வில்லில் தேய்க்கிறார்களே, அந்த ரோசின்தான் இது. உலோகத்தின் மேல் படிந்திருக்கும் களிம்பை நீக்கி ஈயம் ஒட்ட வழி செய்வது இதன் வேலை. சூடு பட்டதும் பிசின் சிதைந்து புகையாகிறது.

"மரப் பிசின்தானே டாக்டர்! இயற்கைதானே! சாம்பிராணி போடுற மாதிரிதானே!"

இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். மூலிகை வைத்தியன் நானே சொல்கிறேன், இயற்கை என்ற ஒரே காரணத்தால் எதுவும் நல்லதாகிவிடாது. எட்டிக்காயும் இயற்கைதான்! ரோசின் புகை நுரையீரலில் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது. தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக இதைப் பிரிட்டன் அரசின் தொழிலிடப் பாதுகாப்புத் துறை பட்டியலிட்டு எச்சரிக்கிறது.

'லெட்-ஃப்ரீ' கம்பி வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை தீருமா? தீராது. காரீயம் இல்லையே தவிர, பிசின் இருக்கிறது. சூடு கூடுதலாக வைக்க வேண்டியிருப்பதால் புகையும் கூடலாம். இன்னொரு டப்பாவில் 'நோ-க்ளீன்' என்று போட்டிருக்கும். வேலை முடிந்தபின் போர்டைத் துடைக்கத் தேவையில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். புகை சுத்தமானது என்று அர்த்தமில்லை!

ஞாயிற்றுக்கிழமை சோதனை

இந்த ஆஸ்துமாவின் குணமே தனி. முதல் நாளே வராது. பல மாதம், சில வருஷம்கூட ஒன்றும் தெரியாது. பிறகு மூக்கில் நீர் வடியும், கண் அரிக்கும், தும்மல் வரும். அடுத்து இருமல். அதற்கடுத்து இழுப்பு. வேலை நேரத்தில் மட்டும் வந்தால் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் பல பேருக்கு வீட்டுக்கு வந்தபின், இரவில்தான் மூச்சு இறுக்கும். அதனால் யாரும் அயர்னைச் சந்தேகப்படுவதில்லை.

செல்போன் ரிப்பேர் செய்யும் 27 வயது இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். எட்டு மாதமாக இரவு இருமல். ஆடாதோடை, தூதுவளை, கஷாயம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. "தம்பி, என்றைக்காவது இருமல் இல்லாமல் இருக்கிறதா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"பொங்கலுக்கு ஊருக்குப் போனா சுத்தமா இல்லைங்க டாக்டர். ஊர்த் தண்ணி ஒத்துக்குது போல."

"எத்தனை நாள் இருந்தீங்க?"

"ஒரு வாரம். திரும்பி வந்து கடையைத் திறந்த ரெண்டாம் நாளே ஆரம்பிச்சுடுச்சு."

ஊர்த் தண்ணீர் அல்ல, கடைப் புகை! நுரையீரல் நிபுணரிடம் அனுப்பினேன். ஊதிப் பார்க்கும் பரிசோதனைகளுக்குப் பின் ஆஸ்துமா என்று உறுதியானது. இன்ஹேலர் கொடுத்தார்கள். ஆனால் அதற்குள் அவருடைய உடம்பு அந்தப் புகையை எதிரி என்று முடிவு கட்டிவிட்டது. இந்த நிலைக்கு வந்தபின் துளிப் புகை பட்டாலும் இழுப்பு வரும். அவர் இப்போது டிஸ்ப்ளே, பேட்டரி மாற்றுகிற வேலை மட்டும் பார்க்கிறார். போர்டு வேலையில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர். வருமானம் பாதியாகிவிட்டது.

ஆகவே இந்தத் தொழிலில் இருப்பவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்மணிகளும் ஒரு சின்னக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருமல், மூக்கடைப்பு, இழுப்பு... எதுவாக இருந்தாலும் லீவு நாளில் குறைகிறதா? வேலைக்குப் போனதும் திரும்புகிறதா? நாலு வாரம் காலண்டரில் குறித்து வாருங்கள். 'ஆமாம்' என்றால் அந்தத் தாளோடு நுரையீரல் டாக்டரைப் பாருங்கள். காரணத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்துப் புகையை விட்டு விலகியவர்களுக்குக் குணமாகும் வாய்ப்பு அதிகம். வருஷக்கணக்கில் இழுத்தடித்தால், வேலையை விட்டபின்னும் ஆஸ்துமா விடாமல் தொடரலாம்.

சித்த மருந்தில் இதற்கு வழி இல்லையா? சளியை இளக்க, இருமலைத் தணிக்க எங்களிடம் நல்ல மருந்துகள் உண்டு. ஆனால் காலையில் தாளிசாதி சூரணம், பகல் முழுக்கப் புகை என்றால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். கொடுத்த இன்ஹேலரை நிறுத்திவிட்டு என்னிடம் வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

விரல் வழியாக வரும் எதிரி

சரி, காரீயம் புகையில் போகவில்லை. அப்படியானால் அது எப்படி உடம்புக்குள் போகிறது? விரல் வழியாக! கம்பியைப் பிடித்த விரல், சக்கரைத் திறந்து உதிர்த்த விரல், நுனி துடைக்கும் ஸ்பாஞ்சைப் பிழிந்த விரல். அதே விரலால் வடை எடுக்கிறோம். டீ கிளாஸைப் பிடிக்கிறோம். பீடி, சிகரெட், வெற்றிலை, பாக்கு... எல்லாம் அந்த விரல் வழியாகத்தான் வாய்க்குப் போகின்றன. இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது ஈயக் கம்பியைப் பல்லில் கடித்துப் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

சக்கரைப் பற்றி இன்னொரு வார்த்தை. உள்ளே உறைந்த ஈயத் துகளைத் தட்டிக் கொட்டும்போது மாவு போன்ற சாம்பல் நிறத் தூசி விழும். மேஜை, சட்டை, தரை எங்கும் அது படியும். சட்டையோடு அப்பா வீட்டுக்குப் போவார். "அப்பா!" என்று குழந்தை ஓடி வந்து கட்டிக்கொள்ளும். கடையே வீட்டின் முன்னறை என்றால் சொல்லவே வேண்டாம். தவழும் குழந்தை தரையைத் தொட்ட விரலைச் சூப்பும்.

காரீயத்துக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவுமே தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதே அளவு காரீயம் வயிற்றுக்குள் போனாலும், பெரியவர்களைவிடச் சின்னக் குழந்தைகளின் உடம்பு நாலைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சிக்கொள்கிறது. அது குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். படிப்பு, கவனம், நடத்தை எல்லாவற்றிலும் வெளிப்படும். பெரியவர்களுக்கு அளவு கூடினால் ரத்தசோகை, வயிற்றுப் பிடிப்பு, மலச்சிக்கல், கைகால் நரம்புத் தளர்ச்சி, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு.

காரீயத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சுண்ணாம்புச் சத்து போல வேஷம் போட்டு எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பல வருஷம் அங்கேயே இருக்கும். பெண்ணுக்குக் கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையும்போது இதுவும் கூடவே ரத்தத்துக்கு வந்து, வயிற்றுக் குழந்தையைச் சேரும். போர்டு வேலை பார்க்கும் பெண்கள் தாய்மை அடையத் திட்டமிடும்போதே டாக்டரிடம் வேலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

பாலும் வாழைப்பழமும்

அச்சகங்களில் ஈய எழுத்துக் கோர்த்த காலத்தில், 'வாழைப்பழம் சாப்பிடு, ஈயம் இறங்கிவிடும்' என்று சொல்வார்கள். 'பால் குடி, வெல்லம் தின்னு, புகை கழுவிக்கொண்டு போய்விடும்' என்று இன்றும் சொல்கிறார்கள். பால் போகும் பாதை வயிற்றுக்கு. புகை போகும் பாதை நுரையீரலுக்கு. எங்கே சந்திக்கும்?

இதில் ஒரு சிறு உண்மை மட்டும் உண்டு. உடம்பில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைவாக இருந்தால் வயிற்றுக்குள் போன காரீயத்தை உடம்பு அதிகமாக உறிஞ்சும். ஆகவே வெறும் வயிற்றோடு வேலைக்கு உட்காரக் கூடாது. கீரை, கேழ்வரகு, பால், தயிர் எல்லாம் சாப்பாட்டில் இருக்கட்டும். ஆனால் கை கழுவாமல் பால் குடித்தால் என்ன பிரயோஜனம்?

என் துறையைச் சேர்ந்த ஓர் எச்சரிக்கையும் கேளுங்கள். 'ஈய விஷத்தை முறிக்கும் பற்பம்' என்று பெயரும் ஊரும் இல்லாத பொட்டலத்தை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். முறைப்படி சுத்தி செய்யாத தாது மருந்தே உடம்பில் காரீயத்தைச் சேர்த்துவிடும். சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் பெரிய லேப்களில் எடுத்துக்கொள்ளலாம். அளவு அதிகம் என்றால் ஆஸ்பத்திரி சிகிச்சைதான். அங்கே சூரணம் போதாது.

என்னதான் செய்வது?

இரண்டு வழி என்றேன் அல்லவா? இரண்டையும் அடைத்துவிடுங்கள். பெரிய செலவு இல்லை.

முதலில் புகை. சூடான புகை நேராக மேலே எழும். குனிந்து வேலை செய்கிறவரின் மூக்கு சரியாக அதற்கு மேலே இருக்கும்! தலைக்கு மேல் சுற்றும் சீலிங் ஃபேன் புகையை வெளியேற்றாது, அறை முழுக்கப் பரப்பும். கண்ணாடிக் கதவை அடைத்து ஏ.சி. போட்டுக்கொண்டு வேலை செய்தால் அதே புகையைத்தான் திரும்பத் திரும்பச் சுவாசிக்கிறோம். மேஜையை ஜன்னலோரம் போடுங்கள். போர்டுக்குப் பக்கத்திலேயே புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் சின்ன எக்ஸாஸ்ட் வேண்டும். முகத்தின் மேல் ஊதக் கூடாது. முகத்துக்கு எதிர்ப்பக்கமாக இழுக்க வேண்டும். கரித்தாள் வைத்த சின்ன ஃபேன்கள் கடையில் கிடைக்கின்றன. ஒன்றுமில்லாததற்கு அவை பரவாயில்லை. ஆனால் குழாய் வைத்து வெளியே விடுவதற்கு ஈடாகாது. கைக்குட்டையும் சாதாரண மாஸ்க்கும் இந்தப் புகையைத் தடுக்காது. தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து வேலை செய்யப் பழகுங்கள். ரோசின் கலக்காத பேஸ்ட், கம்பியும் கிடைக்கின்றன. கேட்டு வாங்குங்கள்.

அடுத்து விரல். வேலை மேஜையில் டீ, பலகாரம், தண்ணீர் பாட்டில் எதுவும் வேண்டாம். சாப்பிடும் முன், புகைக்கும் முன் (புகைப்பதை விட்டுவிட்டால் இன்னும் நல்லது!) சோப்பு போட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கடைக்கென்று ஒரு சட்டை வைத்துக்கொண்டு, கழற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள். அதைத் தனியாகத் துவையுங்கள். சக்கர் துகளைத் தரையில் தட்டாமல் மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வையுங்கள். மேஜையைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி பறக்கும். ஈரத் துணியால் துடையுங்கள்.

வீட்டில் பையனோ பெண்ணோ சால்டரிங் கற்றுக்கொண்டால் தடுக்காதீர்கள். கையில் ஒரு தொழில் வரட்டும்! ஆனால் காரீயமில்லாத கம்பி வாங்கிக் கொடுங்கள். சமையலறையிலும் படுக்கையறையிலும் வேண்டாம். மொட்டை மாடி வராந்தாவோ, ஜன்னல் திறந்த அறையோ போதும். கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும், வெட்டும் கம்பித் துண்டு கண்ணில் தெறிக்கும். அயர்னுக்கு ஸ்டாண்டு இருக்கட்டும். தம்பி தங்கை பக்கத்தில் உட்கார வேண்டாம். சூடு பட்டுவிட்டால் பற்பசை, இங்க், நெய் எதுவும் தடவாதீர்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். அதுதான் முதல் வைத்தியம். தோல் உரியவில்லை என்றால் பிறகு சோற்றுக்கற்றாழை தடவலாம். கொப்புளம் பெரிதானால் டாக்டரிடம் போங்கள்.

பழைய போர்டை அடுப்பில் வைத்தோ, தீயிட்டோ பாகம் எடுக்கும் வேலையை மட்டும் யாரும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். நான் மேலே சொன்ன கணக்கெல்லாம் அயர்ன் நுனிச் சூட்டுக்கு. பிளாஸ்டிக்கும் ஈயமும் சேர்ந்து எரிகிற புகை முழு விஷம்.

நமக்கும் பங்கு உண்டு

இப்போது 'பழுது பார்க்கும் உரிமை' என்று நிறையப் பேசுகிறார்கள். 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை அதற்கென ஒரு வலைதளமே தொடங்கியது. உதிரி பாகம் கிடைக்க வேண்டும், கம்பெனி விவரம் தர வேண்டும் என்பதெல்லாம் நல்ல விஷயம். ஆனால் இந்தப் பேச்சில் வாங்கியவரின் உரிமை வருகிறது, பொருளின் ஆயுள் வருகிறது. பழுது பார்ப்பவரின் ஆயுளைப் பற்றி ஒரு வரியாவது யாராவது பேசுகிறார்களா?

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் முதலில் நின்றது ஈய நஞ்சுதான். அவ்வளவு பழைய எதிரி அது. ஆனால் இரண்டு பேர் வேலை செய்யும் எட்டுக்குப் பத்து அறை தொழிற்சாலைக் கணக்கில் வரவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து பார்க்காத இடத்தில் முதலாளியும் வாடிக்கையாளரும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடை முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. பல்லாயிரம் ரூபாய்க்குப் புது ஹாட் ஏர் மெஷினும் மைக்ராஸ்கோப்பும் வாங்குகிறீர்கள். சந்தோஷம். அவற்றுக்கு முன்னால் அந்தச் சின்ன எக்ஸாஸ்டையும், பின்பக்கம் ஒரு வாஷ்பேசினையும், ஒரு சோப்பையும் வாங்கி வையுங்கள். நன்றாக வேலை தெரிந்த ஒரு பையனை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்தால், அவனைப் போல இன்னொருவனைத் தயார் செய்ய உங்களுக்கு எத்தனை வருஷம் ஆகும்?

வாடிக்கையாளர்களாகிய உங்களுக்கும் சொல்வேன். புதுப் போர்டுக்கு ஆயிரக்கணக்கில் கேட்டவரிடம் நாம் பேரம் பேசுவதில்லை. அதே போர்டைச் சில நூறில் சரி செய்தவரிடம் ஐம்பதைக் குறைக்கச் சொல்கிறோம். அடுத்த முறை கடைக்குப் போகும்போது கொஞ்சம் கவனியுங்கள். புகை எங்கே போகிறது? கை கழுவ இடம் இருக்கிறதா? "தம்பி, இருமல் இருக்கா? லீவுல குறையுதா?" என்று கேளுங்கள். கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, "ஒரு சின்ன எக்ஸாஸ்ட் போட்டுக்கப்பா" என்று சொல்லுங்கள். டாக்டர் சொல்வதைவிட வாடிக்கையாளர் சொல்வது சில சமயம் சீக்கிரம் பலிக்கும்.

நீங்களே அந்த மேஜையில் உட்காருகிறவராக இருந்தால், இந்தப் பக்கத்தை மூடியதும் முதல் வேலையாக மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள். பிறகு சோப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சாப்பாடு அப்புறம்!